விளிம்பில் நிற்கிற இழை

1

நான் ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் நிறைந்த அன்று, எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த கேமரா எங்கள் ஊர்த் துணியைத் தேறாது என்று ஒதுக்கியது.

ஊர் என்றால் நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம், வேலை கற்றது ராஜபாளையம். பால்கோவாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இது புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியைப் பற்றியது. ராஜபாளையத்தைச் சுற்றிலும் தறிகள் ஓயாமல் அடித்துத் தள்ளுகிற அந்தச் சல்லடைத் துணி கப்பலேறி இங்கே வருகிறது. ஆஸ்பத்திரிகளுக்குப் போவதற்கு முன்னால் அதைச் சோதிக்கிற ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை. ஒவ்வொரு முறையும் பேலை, அதாவது அழுத்திக் கட்டிய துணிமூட்டையை, பிரிக்கும்போது, "எங்க ஊருச் சரக்கு" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் பீற்றிக்கொள்வேன். அவர்களும் பதினெட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள், பாவம்.

பேண்டேஜ் துணியில் முக்கியம் இழை எண்ணிக்கை. ஓர் அங்குலத்துக்கு நீளவாக்கில் பாவு பத்தொன்பது, குறுக்குவாக்கில் ஊடை பதினைந்து இருக்க வேண்டும் என்பது இந்தச் சரக்குக்கான ஒப்பந்தம். குறைந்தால் துணி சீழையும் ரத்தத்தையும் சரியாக உறிஞ்சாது. முன்பெல்லாம் கண்ணாடி வைத்துக் கையால் எண்ணினோம். இப்போது கேமரா. எண்ணற்ற துணிப் படங்களைப் பார்த்துத் தானாகவே எண்ணக் கற்றுக்கொண்ட மென்பொருள் அதனோடு வந்தது. துணியை அடியில் விரித்தால், கண் மூடித் திறப்பதற்குள் எண் வந்துவிடும். அன்றைக்கு வந்ததெல்லாம் பதினான்கு, பதிமூன்று, பதினான்கு. திரையில் ஒரே சிவப்பு.

சரக்கோடு வந்த சான்றிதழில் எல்லா ரோலுக்கும் பதினைந்து என்று போட்டுக் கீழே ஒரு கையெழுத்து. தாளைக் கண்ணருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். கையெழுத்து என் தங்கை கோதையுடையது.

2

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. சோதிக்க வந்த பொருளுக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவு இருந்தால் படிவம் நிரப்ப வேண்டும். இந்த நாட்டில் எதற்குத்தான் படிவம் இல்லை! எனக்குக் குடும்பப் பெயர் என் வீட்டுக்காரர் பெயர். அவளுக்கு அவள் வீட்டுக்காரர் பெயர். நாங்கள் அக்கா தங்கை என்று எந்தக் கணினியாலும் கண்டுபிடிக்க முடியாது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு மணி நேரம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பிறகு எழுந்து போய் மேலாளர் பிரிகிட்டேயிடம் சொன்னேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நல்லது, ரங்கா. இந்தச் சரக்கில் முடிவு எடுப்பது நான். நீங்கள் தங்கையோடு பேசலாம். என்ன பேசினீர்கள் என்று மட்டும் எழுதி வையுங்கள்" என்றார். அதற்கும் ஒரு படிவம் கொடுத்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோதையே கூப்பிட்டாள். அங்கே நாலரை மணி. பின்னால் தறிச் சத்தம்.

"யக்கா, கடுதாசி வந்திருக்கு. எல்லா ரோலும் போச்சாம்லா? அந்தக் கேமரா சொல்லுதத நம்புதியா, என் கையை நம்புதியா?"

"ஏட்டி, உன் கையைத்தான் நம்புதேன். ஆனா நான் நம்பி என்ன செய்ய?"

"முதலாளி காலையிலேருந்து குதிக்காரு. சரக்கு திரும்பி வந்தா அடுத்த ஆர்டர் கிடையாதாம். அதே கேமராவ வாங்கி இங்க வச்சிட்டு, எண்ணுத ரூமை மூடிருவோம்னு சொல்லுதாரு. நாங்க நாலு பேரும் எங்க போக?"

எண்ணும் அறை என்பது தொழிற்சாலையின் மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு நீள மேஜை. கோதை, பேச்சியம்மாள், செல்வி, ஜரினா ஆகிய நான்கு பேர் அங்கே உட்கார்ந்து, ஓர் அங்குலச் சதுரக் கண்ணாடியைத் துணிமேல் வைத்து, ஊசி முனையால் இழை இழையாகத் தள்ளி எண்ணுவார்கள். அந்தக் கண்ணாடிக்கு எங்கள் பக்கத்தில் பிக் கிளாஸ் என்று பெயர். நானும் அந்த மேஜையில்தான் தொழில் படித்தேன். கோதை இப்போது அந்த அறைக்குப் பொறுப்பாளர். மற்ற மூவரையும் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தது அவள்தான். அறையை மூடினால் நான்கு வீட்டில் அடுப்பு எரியாது.

3

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். கோதையின் கை பொய் சொல்லாது, எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கே இழை எண்ணத் தெரியும், நேற்று வந்த டப்பா எங்களுக்குப் பாடம் நடத்துகிறதா, அது இது என்று ஒரே முழக்கம். என் வீட்டுக்காரர் விவரமான மனுஷர், தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

என் மகளுக்குப் பதினைந்து வயது. தமிழ் கேட்டால் புரியும், பேசினால் சக்கரம் கழன்ற வண்டிபோல இழுக்கும். சித்தியோடு போனில் பேசு என்றால், "சித்தி வேகமா பேசுறாங்க, எனக்கு வெக்கமா இருக்கு" என்று அறைக்குள் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மாதம் ஒரு முறையாகி, இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று ஆகிவிட்டது. இதைச் சொல்லி நான் அழாத நாள் குறைவு.

அவள்தான் அன்றைக்குக் கேட்டாள். "அம்மா, சித்தி சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படின்னா? எனக்குத் தெரியும்."

"சித்தி என்கிறதாலயா? வேற யாரோ கையெழுத்து போட்டிருந்தா, நீ கேமராவ நம்பியிருப்பியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயாடி என்று திட்டினேன். பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். வேறு யாராவது போட்டிருந்தால் அந்தச் சரக்கைப் பற்றி அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். நான் துணியை நினைத்துப் பேசவில்லை, ரத்த பாசத்தில் பேசியிருக்கிறேன்.

மறுநாள் மகள் கேட்டதைக் கோதையிடம் அப்படியே சொன்னேன்.

"அவ கேட்டது சரிதான்க்கா" என்றாள். "என் கை சரின்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நானும் சும்மாதான சொல்லிக்கிட்டு இருக்கேன். செத்த நேரம் இரு, யோசிக்கேன். பொறவு கூப்பிடுதேன்."

4

இந்த இடத்தில் ஒரு பழைய திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதுவானாலும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே அளவு இலையில், ஒரே மாதிரி நாரால் கட்டி, சாமி முன்னால் குலுக்கிப் போடுவார்கள். வீட்டுச் சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி சரி சொல்லிவிட்டது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தபோது அப்பாவுக்கு அனுப்ப மனசில்லை. வைத்தியநாத சுவாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

கட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். வெள்ளைப் பொட்டலத்தின் இலை நுனியை நகத்தால் துளி கிள்ளி வைத்தேன். எடுக்க வேண்டியவள் கோதை. அவளுக்குக் கண்ணால் காட்டினேன். அவள் கொஞ்சம்கூடத் தடுமாறாமல் வெள்ளையை எடுத்துக் கொடுத்தாள். அப்பா கண் கலங்கி, "ஆண்டவன் சொல்லிட்டான்" என்றார். ஆண்டவன் எங்கே சொன்னான்? என் நகம் சொன்னது. அப்படித்தான் நான் விமானம் ஏறினேன்.

கோதை மறுபடி கூப்பிட்டபோது இதில்தான் ஆரம்பித்தாள்.

"யக்கா, பூக்கட்டும்போது ரெண்டு பொட்டலத்தையும் ஏன் ஒண்ணுபோலக் கட்டுதோம்? எடுக்கவளுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியக்கூடாது. தெரிஞ்சா கை தானா அங்க போயிரும். எனக்குப் போச்சுல்லா?"

"அதை ஏன்டி இப்ப இழுக்கே?"

"எங்க டேபிளுக்கு வார ரோலு ஒவ்வொண்ணுலயும் தறி அட்டை தொங்கும். அதுல பத்தொம்பதுக்குப் பதினஞ்சுன்னு பெருசா எழுதியிருக்கும். அதப் பாத்துட்டுத்தான் கண்ணாடிய வைக்கோம். இலையக் கிள்ளி வச்ச மாதிரில்லா இருக்கு அது?"

நானும் அதே அட்டையைப் பார்த்துவிட்டு ஐந்து வருடம் எண்ணியவள். ஒரு நாள்கூட எனக்கு இது தோன்றவில்லை. இங்கே வந்து பட்டயம் படித்துப் பாஸானேன், அப்போதும் தோன்றவில்லை. என் தங்கைக்கு, காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ராஜபாளையம் போகிறவளுக்கு, தோன்றியிருக்கிறது.

5

அவள் செய்ததை முழுசாகச் சொல்கிறேன்.

அனுப்பிய சரக்கில் ஒவ்வொரு தறியின் துணியிலும் ஒரு முழம் ஊரிலேயே எடுத்து வைத்திருப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு தறி. அந்தப் பன்னிரண்டு துண்டையும் அட்டை இல்லாமல், ஒரே அளவு நியூஸ்பேப்பரில் பொட்டலமாகக் கட்ட ஏற்பாடு செய்தாள். கட்டியவர் வாட்ச்மேன். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். பொட்டலத்தின் மேல் தன் இஷ்டத்துக்கு எழுத்துப் போட்டு, எந்த எழுத்து எந்தத் தறி என்கிற பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டுவிட்டார். முதலாளி போய், "எனக்கு மட்டும் காட்டுய்யா" என்று கேட்டாராம். "கோதைம்மா உத்தரவு இல்லீங்க சார்" என்று விறைப்பாக நின்றாராம்.

நான்கு பெண்களும் ஒருவர் எண்ணியதை மற்றவரிடம் சொல்லாமல் எண்ணினார்கள். கடைசியில் ஒவ்வொரு துண்டிலும் அளந்து வெட்டி, ஊடை இழைகளை ஒவ்வொன்றாக உருவி மேஜையில் அடுக்கி எண்ணினார்கள். அதில் ஏமாற வழியில்லை. நேரம்தான் பிடிக்கும். இரண்டு நாள் ஆனது.

ஒன்பது தறிக்குப் பதினைந்து சுத்தமாக வந்தது. இன்னொன்றுக்குப் பதினைந்துக்கும் மேலே. ஏழாம் தறிக்கும் பதினொன்றாம் தறிக்கும் பதினான்குதான். அட்டையைப் பார்த்து எண்ணியபோது இதே கோதை இந்த இரண்டுக்கும் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

எப்படி நடந்தது என்பதை அவளே கண்டுபிடித்தாள். கண்ணாடிச் சதுரத்தின் விளிம்பில் எப்போதும் ஓர் இழை நிற்கும். பாதி உள்ளே, பாதி வெளியே. அதைச் சேர்ப்பதா விடுவதா என்பது எண்ணுகிறவர் கையில் இருக்கிறது. பதினைந்து வர வேண்டும் என்று தெரிந்தவள், பதினான்கில் நின்றால் விளிம்பிழையைச் சேர்த்துக்கொள்கிறாள். பதினைந்து உள்ளேயே வந்துவிட்டால் விட்டுவிடுகிறாள். அவள் ஏமாற்றவில்லை. அவளுக்கே தெரியாமல் கை போகிறது.

இதை அப்படியே ஜெர்மனிக்கு எழுதுகிறேன் என்று அவள் சொன்னதற்கு முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபம் வந்தால் அதுவும் கலந்து வரும்.

"அய்யோ தேவுடா! ஏம்மா கோதை, நம்ம தலையில நாமளே மண்ண அள்ளிப் போடுறதா? பத்து தறி சரியா இருக்குன்னு மட்டும் எழுது. மத்தத ஏன் சொல்லணும்?"

"ரெண்டையும் எழுதுனாத்தான் சார் பத்தை நம்புவாவ."

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பதினஞ்சு எது, பதினாலு எதுன்னு கையால தடவியே சொல்லுவேன்."

கோதை ஒரு துண்டை எடுத்து, அட்டையோடு சேர்த்தே அவர் முன்னால் வைத்தாள். அட்டையில் பதினைந்து என்று இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசியைப் பிடித்து, வாய்விட்டு எண்ணினார். "பதிமூணு, பதினாலு... இந்தா, இந்த ஓரத்துல நிக்கிறது பதினஞ்சு!"

வாட்ச்மேன் பித்தானைக் கழற்றிப் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். "ஏழாம் தறி சார்."

முதலாளி ஊசியைக் கீழே வைத்தார். பேச்சியம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாளாம். அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஏழாம் தறியையும் பதினொன்றையும் பிரிக்கச் சொன்னார். ஊடை நெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிற பல்சக்கரம் இரண்டிலும் மாற்றி மாட்டியிருந்தது. பிறகு கோதையைப் பார்த்து, "எழுதும்மா, ரெண்டையும் எழுது. சரக்கு போனா ரூமும் போவும், அதையும் தெரிஞ்சுக்கிட்டு எழுது" என்றார்.

அவள் எழுதினாள்.

6

அந்தக் கடிதத்தைப் பிரிகிட்டே எங்கள் கூட்டத்தில் வாசித்தார். நான் படிவம் கொடுத்தவள், வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. கோதை எளிமையான இங்கிலீஷில், ஒரு சாக்குப்போக்கும் சொல்லாமல் எழுதியிருந்தாள். இரண்டு தறித் துணிக்கு நான் தவறான சான்றிதழ் கொடுத்துவிட்டேன், இருந்ததை எண்ணாமல் எனக்குத் தெரிந்ததை எண்ணிவிட்டேன், இப்படித்தான் அதைக் கண்டுபிடித்தோம், மீதிப் பத்தும் சரி, நீங்களும் இதே மாதிரி சோதித்துப் பாருங்கள். இவ்வளவுதான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடமே வேறொன்று உறுத்தியது. கடைக்குட்டி அங்கே தன் வேலையைப் பணயம் வைத்துத் தப்பை எழுதியிருக்கிறாள், பத்துத் தறியில் கேமரா ஏன் தப்பாகச் சொன்னது என்று நான் யோசித்தேனா?

எனக்குக் காரணம் தெரியும். பேலில் அழுத்திக் கட்டிய துணி இழுபட்டுக் கோணிப்போய் இருக்கும், இழைகள் விலகி நிற்பதால் எண்ணிக்கை குறைவாகத் தெரியும். பிரித்து ஒரு நாள் முழுக்கச் சும்மா விரித்துப் போட்டால்தான் இழை நேராகும். கையால் எண்ணிய காலத்தில் அப்படித்தான் செய்தோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த விதியை விளக்கப் போய், "துணி ஒரு நாள் தூங்க வேண்டும்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டேன். "தலையணை வேண்டுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் கூச்சம் போகவே இல்லை. கேமரா வந்தபோது, வேகமாக வேலை நடக்கட்டும் என்று அந்த ஒரு நாளை நடைமுறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு உறுத்தியது. மறுபடி சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு அந்த மாற்றத்துக்கான தாளில் கையெழுத்தும் போட்டேன்.

கையைத் தூக்கினேன். "தங்கைக்காகப் பேசவில்லை. என் தப்பைச் சொல்ல வேண்டும்" என்று ஆரம்பித்து, நான் போட்ட கையெழுத்தைச் சொன்னேன். என் மொழி தடுமாறியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிரிகிட்டே துணியைப் பிரித்து ஒரு நாள் விரித்துப் போடச் சொன்னார். பெயர் எழுதாத உறைகளில் துண்டுகளை வைத்து, கேமராவுக்கும் கையால் எண்ணும் இரண்டு பேருக்கும் கொடுத்தார். எனக்கு அந்த அறைக்குள் போக அனுமதியில்லை. வெளியே நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம். முடிவு வந்தது. பத்துத் தறித் துணியும் தேறிவிட்டது. ஏழும் பதினொன்றும் விழுந்தன. அந்த இரண்டின் ரோல்களை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த ஆர்டரை அதே தொழிற்சாலைக்கே கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. இனி அங்கேயும் இங்கேயும் அட்டை பார்க்காமல்தான் எண்ண வேண்டும்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அங்கே எல்லாம் அறிவியல்தானாமே, எதை எடுத்தாலும் மெஷினாமே என்று. இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மெஷின் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் நாங்கள். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று உட்கார்ந்து யோசித்தவள் உங்கள் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறாள். அடுத்த முறை பார்த்தால் எழுந்து இடம் கொடுங்கள்.

7

கடைசி வேலை என் தலையில் விழுந்தது. நடைமுறை மாறினால் அதற்கு ஒரு பதிவுத் தாள் உண்டு. என்ன மாற்றம், எதனால், யார் ஒப்புதல் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் ஒரு கட்டம், தவறைக் கண்டறிந்தவர் பெயர். நான் தயங்கிப் பிரிகிட்டேயிடம் போனேன். சொந்தத் தங்கை பெயரை நானே எழுதலாமா?

"இது பாராட்டுப் பத்திரம் இல்லை, ரங்கா. நடந்தது என்ன என்பதற்கான பதிவு. நடந்ததை எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன். மதியம் கோதையைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினாள். நான்கு பேரும் சாயங்கால டீ குடித்த டம்ளரைக் கழுவிவிட்டு மேஜைக்குத் திரும்பியிருந்தார்கள்.

"ரூம் என்னாச்சுடி?"

"இருக்குக்கா. கேமராவும் வருதாம், முதலாளி வாங்கியே தீருவேன்னுட்டாரு. வரட்டும். அதுக்கும் பொட்டலம் கட்டித்தான் குடுப்போம்."

பின்னால் மற்ற மூவரும் சிரித்தார்கள். நான் விஷயத்துக்கு வந்தேன். "ஏட்டி கோதை, உன்னால நான் இங்க எம்புட்டு நிமிந்து நடக்கேன் தெரியுமா? நடந்தத எழுதுன்னாவ, உன் பேர ஜெர்மன் ரெக்கார்டுல எழுதிட்டேன். தவறைக் கண்டுபிடிச்சவர் கோதைன்னு."

அவள் சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"என் பேரு மட்டுமா எழுதுனே?"

"ஆமா."

"என்னக்கா நீ! எண்ணுனது நாலு பேரு. கடுதாசி போனா ரூம் மூடிருவாவன்னு தெரிஞ்சும் ஒருத்தியாவது வேண்டாம்னு சொல்லல. இந்த ஜரினா கைக்குழந்தைக்காரி, அவதான் மொத ஆளா எழுதுக்கான்னு சொன்னா. நடந்தத எழுதச் சொன்னா, பாதிய எழுதி வச்சிருக்கே. அழி மொதல்ல."

போனை வைக்காமலே தாளை எடுத்தேன். நான் எழுதியதை அழித்தேன். அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அந்தந்தப் பெண் பின்னாலிருந்து தன் அப்பா பேரின் முதலெழுத்தைச் சரியாகப் போடச் சொல்லிக் கத்த, நான்கு பெயரையும் எழுதினேன். கட்டம் போதவில்லை. கோட்டைத் தாண்டி எழுதிவிட்டு, அப்படியே கையெழுத்துப் போட்டேன்.